பாதை திறந்தாயிற்று, பேணுவது யார்?

தமிழ்நாட்டில் மலையேற்றம் என்பது சிலருடைய பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்துவிட்டது. 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டம், 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பொதுமக்களுக்கு முறைப்படி திறந்துவிட்டது. நீலகிரியின் லாங்வுட் சோலை, திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள், தேனி மாவட்டத்துக் குரங்கணி, குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலை எனப் பலதரப்பட்ட நிலங்கள் அப்பட்டியலில் உள்ளன. இணையவழி முன்பதிவு, நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்று ஒழுங்கான ஏற்பாடு அது. பழங்குடி இளைஞர்களுக்கும் மலையடிவாரக் கிராமத்தினருக்கும் அதனால் வருமானமும் கிடைக்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால், திறந்துவைப்பது ஒருநாள் வேலை. பேணுவது ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை. எத்தனை பேர் முன்பதிவு செய்தார்கள், எவ்வளவு வருவாய் கிடைத்தது என்று நாம் கேட்கிறோம். சென்ற பருவமழையில் எந்தப் பாதை எவ்வளவு அரிக்கப்பட்டது, அதை யார் சீர்செய்தார்கள் என்று கேட்பதில்லை. சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது. ஏரிக்குப் பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறை இருக்கிறது. காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைக்கு வனத் துறையைத் தவிர வேறு நாதியில்லை. அத்துறையோ காட்டுத் தீ, வேட்டை, யானை – மனித மோதல் என ஏற்கெனவே சுமை மிகுந்தது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் யார் என்பதே இப்போது எழுப்ப வேண்டிய கேள்வி.

உலகின் பல நாடுகளில் அதற்குக் கிடைத்திருக்கும் விடை ஒன்றுதான்: அப்பாதையில் நடப்பவர்களும், அதன் அருகில் வாழ்பவர்களும். ஆனால், அந்த விடையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அது எந்த நிபந்தனைகளின் பேரில் வெற்றி பெற்றது, எங்கே தடுமாறியது என்பதை ஆராய்ந்த பிறகே நமக்கானதைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மழைநீரும் மண்வெட்டியும்

மலைப்பாதை எப்படிக் கெடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நடப்பவரின் காலடியைக் காட்டிலும் பாதைக்குப் பெரிய பகை மழைநீர்தான். சரிவில் நேர்கோடாக இறங்கும் பாதை, முதல் பெருமழையிலேயே ஓடையாக மாறிவிடுகிறது. மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. வேர்களும் கற்களும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நடக்கச் சிரமமாக இருப்பதால் மக்கள் பக்கவாட்டில் ஒதுங்கி நடக்கிறார்கள். ஓரடிப் பாதை பத்தடிப் பாதையாக விரிகிறது. வளைந்து செல்லும் இடங்களில் சிலர் குறுக்கே இறங்கிப் புதுத் தடம் போடுகிறார்கள். அடுத்த மழையில் அத்தடமும் ஓடையாகிறது. அரிக்கப்பட்ட மண் கீழே இருக்கும் ஓடையையும் குட்டையையும் தூர்க்கிறது. பாதை கெடுவது நடப்பவரின் வசதி பற்றிய சிக்கல் மட்டுமன்று. காட்டின் நலம் பற்றிய சிக்கலும்தான்.

இதற்கான தீர்வு மிகப் பழையது, எளியது. பாதையின் தளத்தைப் பள்ளத்துப் பக்கம் சற்றே சாய்வாக அமைத்தால் தண்ணீர் தேங்காமல் குறுக்கே வழிந்துவிடும். சில இடங்களில் கல்லையோ மரக்கட்டையையோ சாய்கோணத்தில் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். செங்குத்தான இடங்களில் வளைவுகளோ கற்படிகளோ அமைக்க வேண்டும். பாதையை மறைக்கும் புதரை வெட்டி, விழுந்த மரத்தை அகற்றி, வழிகாட்டும் குறிகளைப் புதுப்பிக்க வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், கைரம்பம் ஆகியவையே இதற்கான கருவிகள்.

கவனிக்க வேண்டியது இந்த வேலையின் தன்மை. ஒவ்வொன்றும் சிறியது, ஆனால், பல இடங்களில் சிதறிக் கிடப்பது, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. அடைபட்ட வடிகாலை இருவர் சிறிது நேரத்தில் திறந்துவிடலாம். ஒரு மழைக்காலம் முழுக்க அதைக் கவனிக்காமல் விட்டால், மறு ஆண்டு அதே இடத்தைச் சீராக்க ஒரு குழுவே பல நாள் உழைக்க வேண்டிவரும். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, பட்டியல் தொகை என்று நகரும் அரசு நடைமுறை பெரிய கட்டுமானங்களுக்குப் பொருந்தும். இத்தகைய சில்லறைப் பராமரிப்புக்குப் பொருந்தாது. எனவேதான் ஒப்பந்தமுறை மலைக்கு வரும்போது பெரும்பாலும் சிமெண்டோடு வருகிறது. அளவிட எளிது, பட்டியல் போட எளிது என்பதற்காக அமைக்கப்படும் சிமெண்டுத் தளம், மழையில் வழுக்குகிறது; அதன் விளிம்பை ஒட்டி ஓடும் நீர் இருபுறமும் மண்ணை அரிக்கிறது.

ஆக, தன்னார்வலர்களின் பங்கை நாம் நாடுவது அவர்களுடைய உழைப்பு இலவசம் என்பதற்காக இருக்கக் கூடாது. தமக்குரிய பாதையை மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை நடந்து பார்த்து, கெட்டதை அன்றே சரிசெய்யும் அக்கறை, இந்த வேலையின் இயல்போடு பொருந்துகிறது என்பதே உண்மையான காரணம்.

நூறாண்டு அனுபவம்

இதற்கு மிகப் பெரிய சான்று அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலைவரை, 14 மாநிலங்களின் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளும் நடைவழி அது. வனவியலாளரும் திட்டவியலாளருமான பென்டன் மெக்கே 1921இல் அதற்கான யோசனையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். 1925இல் அதற்கென ஓர் அமைப்பு வாஷிங்டனில் உருவாகி, 2025இல் நூறாண்டை நிறைவுசெய்தது. மைரன் ஏவரி என்ற வழக்கறிஞரின் முனைப்பில் உள்ளூர் நடைக் குழுக்கள் துண்டு துண்டாக வெட்டி இணைத்த பாதை, 1937இல் முழுமை பெற்றது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கான பாடம். பாதை முழுமையடைந்த மறு ஆண்டே நியூ இங்கிலாந்து பகுதியைப் பெரும்புயல் தாக்கியது. தொடர்ந்து உலகப்போர் வந்தது. இளைஞர்கள் போருக்குப் போனார்கள். பாதையைப் பேண ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே பல பகுதிகள் புதர் மண்டிக் காணாமல் போயின. 1951இல்தான் அதை மீண்டும் முழுமையாக இணைக்க முடிந்தது. பதினாறு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒன்று, பத்தாண்டுக் கவனிப்பின்மையில் அழியக்கூடியது என்பதை அந்தத் தலைமுறை கண்கூடாகக் கண்டது. வெட்டியவர்களைவிடப் பேணுபவர்களே பாதைக்கு முக்கியம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது.

இன்று சுமார் முப்பது உள்ளூர்ச் சங்கங்கள் அப்பாதையைத் தம்முள் பகிர்ந்துகொண்டு பேணுகின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியைச் சில மைல் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் குறிப்பிட்ட உறுப்பினர்களின் பொறுப்பில் விடுகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இரண்டு லட்சம் மணி நேர அளவுக்கு உழைப்பைத் தருகிறார்கள் என்பது அவ்வமைப்பின் கணக்கு. பாதை நெடுக மரங்களில் காணப்படும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைக் குறியைப் புதுப்பிப்பதுகூட அவர்களின் பணிதான்.

இதை அமெரிக்கர்களின் தனிப்பட்ட தயாள குணமாகக் கொள்வது பிழை. இதன் பின்னால் சட்டமும் நிர்வாக ஏற்பாடும் இருக்கின்றன. 1968இல் இயற்றப்பட்ட தேசியப் பாதைகள் சட்டம் அப்பாதைக்குச் சட்டபூர்வமான நிலையைத் தந்தது. 1984இல் அமெரிக்க உள்துறை, பாதைக்கென வாங்கப்பட்ட நிலங்களின் நிர்வாகப் பொறுப்பையே அந்தத் தன்னார்வ அமைப்பிடம் ஒப்படைத்தது. பூங்காக்களிலும் வனங்களிலும் முறைப்படி பதிவுசெய்து பணியாற்றும் தன்னார்வலர் காயமடைந்தால், அரசு ஊழியருக்குரிய இழப்பீட்டுப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தேசிய வனங்களில் இயக்க விரும்பும் தன்னார்வலர், அதற்குரிய பயிற்சியும் சான்றும் பெற்றாக வேண்டும். உழைப்பைக் கேட்ட அரசு, அதற்கு ஈடாக அதிகாரத்தையும் பாதுகாப்பையும் பயிற்சியையும் தந்தது. கொடுக்கல் வாங்கல் இரண்டும் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு நிலைத்தது.

எல்லையும் உண்டு

ஆயினும், தன்னார்வம் எல்லாவற்றுக்கும் மாற்றாகிவிடாது என்பதையும் அந்நாட்டு அனுபவமே காட்டுகிறது. அமெரிக்க வனத் துறையின் பொறுப்பில் உள்ள பாதைகளின் நீளம் ஏறத்தாழ 1,58,000 மைல். அவற்றில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே துறை வகுத்த தரத்தை எட்டியிருக்கிறது என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013இல் கூறியது. தன்னார்வலர்களைப் பயன்படுத்திக்கொள்ளப் போதிய பயிற்சியும் ஆள்பலமும் துறையிடம் இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து, பாதைப் பராமரிப்பில் தன்னார்வலர்களின் பங்கைப் பெருக்கும் நோக்கத்துடன் 2016 நவம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது.

2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலில் அப்பலாச்சியன் பாதையின் தென்பகுதி பெருஞ்சேதமடைந்தது. 400 மைலுக்கும் அதிகமான நீளம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் பாதையின் குறுக்கே சாய்ந்தன. டென்னசி மாநிலத்தின் எர்வின் அருகே ஆற்றைக் கடக்க உதவிய பாலம் அடித்துச் செல்லப்பட்டது. தன்னார்வலர்கள் திரண்டு வந்து மரங்களை அறுத்து அகற்றினார்கள். பாதையின் பெரும்பகுதி சில மாதங்களில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், பாலத்தை அவர்களால் கட்ட முடியாது. மலைச்சரிவின் உறுதியைச் சோதிக்கும் பொறியியல் பணியையும் அவர்களால் செய்ய முடியாது.

புயல் அடித்த சில மாதங்களிலேயே, 2025 பிப்ரவரியில், வனத் துறையிலும் தேசியப் பூங்காத் துறையிலும் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஊழியர்கள் பெருந்தொகையாகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பூங்காத் துறையில் மட்டும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரம். பின்னர் நீதிமன்ற உத்தரவுகளால் பலர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டாலும், அச்செய்தி ஓர் உண்மையை உணர்த்தியது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிப்பவர், கருவி தருபவர், எங்கே என்ன வேலை என்று முடிவுசெய்பவர் ஆகிய அனைவரும் ஊதியம் பெறும் ஊழியர்கள். அந்த ஊழியர் இல்லாத இடத்தில் நூறு தன்னார்வலர்கள் வந்து நின்றாலும் பயனில்லை. தன்னார்வலர் அரசின் கரத்தை நீட்டுகிறார். அரசின் இடத்தை நிரப்புவதில்லை. ஆட்குறைப்பை மூடிமறைக்கும் திரையாகத் தன்னார்வத்தைப் பயன்படுத்தும் ஆசை எந்த அரசுக்கும் எழக்கூடும் என்பதால், இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

குடிமராமத்து சொல்லும் பாடம்

பொதுச் சொத்தைப் பயனாளிகளே கூடிப் பேணுவது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஏரியைத் தூர்வாருவதும், கரையைப் பலப்படுத்துவதும், வாய்க்காலைச் செப்பனிடுவதும் ஊராரின் கூட்டுக் கடமையாக நெடுங்காலம் இருந்தன. குடிமராமத்து என்ற சொல்லே அதற்குச் சான்று. வழிநடைப் பயணிகளுக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதையும் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நடுவதையும் அறமாகக் கருதிய சமூகம் இது. வழியைப் பேணுவது வழிப்போக்கருக்குச் செய்யும் தொண்டு என்ற எண்ணம் நம் மண்ணிலேயே இருக்கிறது.

ஆனால், குடிமராமத்து ஏன் நலிந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் ஆட்சியில் நீர்நிலைகளின் மீதான உரிமையும் முடிவெடுக்கும் அதிகாரமும் அரசின் கைக்குப் போயின. பேணும் கடமை மட்டும் மக்களிடம் எஞ்சியது. மக்கள் ஒதுங்கியதும், 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒத்துழைப்பைச் சட்டத்தால் கறக்க முடியவில்லை. அதிகாரம் ஓரிடத்திலும் கடமை வேறிடத்திலும் இருந்தால், கடமை மெல்ல மெல்லச் செத்துப்போகும் என்பதே அந்த வரலாறு. 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தபோதும், பெயர் மக்களுடையதாகவும் வேலை ஒப்பந்ததாரருடையதாகவும் பல இடங்களில் ஆகிவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. மலைப்பாதைகளுக்கான ஏற்பாட்டைச் சிந்திக்கும்போது இந்த எச்சரிக்கை மனத்தில் இருக்க வேண்டும்.

நல்ல முன்மாதிரிகளும் இங்கே உண்டு. கோத்தகிரியை ஒட்டி, நாற்புறமும் மனிதக் குடியிருப்புகளும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்திருக்கும் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் பரப்பே கொண்ட சிறு காடு. விறகு வெட்டும் மேய்ச்சலும் அயல் தாவரங்களும் அதை அழித்திருக்கக்கூடும். உள்ளூர்க் குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைத்து, வனத் துறையோடு கைகோத்து, நீண்ட காலம் அதைக் காத்தார்கள். 2024இல் அச்சோலை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. கோவை வெள்ளியங்கிரி மலையில், ஏழு மலை ஏறிவரும் பக்தர்கள் விட்டுச்செல்லும் நெகிழிக் குப்பையைத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் சுமந்து கீழே கொண்டுவருகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் இளைஞர்கள் எப்படித் திரண்டார்கள் என்பது அனைவரும் அறிந்தது. வனத் துறை நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்கள் தொடர்ந்து பங்கேற்கிறார்கள். ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை, அதை ஏந்திக்கொள்ளும் பாத்திரம்தான் இல்லை. ஒருநாள் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு கலையும் நிகழ்வாகவே பெரும்பாலான முயற்சிகள் முடிந்துவிடுவது அதனால்தான்.

மூன்று தடைகள்

தன்னார்வலர்களைக் காட்டுப் பாதைகளில் ஈடுபடுத்துவதற்கு எதிரான வாதங்கள் மூன்று. மூன்றுமே புறக்கணிக்க முடியாதவை.

முதலாவது, வன உயிர்கள். அப்பலாச்சியன் மலைகளில் கரடி உண்டு. யானை இல்லை, புலி இல்லை. தமிழ்நாட்டிலோ 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,063 யானைகள் உள்ளன. ஐந்து புலிகள் காப்பகங்கள் உள்ளன. யானையின் வலசைத் தடத்தில் விடுமுறை நாளன்று ஐம்பது பேர் மண்வெட்டியோடு நிற்பது அவர்களுக்கும் ஆபத்து, யானைக்கும் தொல்லை. காட்டுக்குள் மனித நடமாட்டத்தைக் கூட்டுவதே தவறு என்று சூழலியலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே, புலிகள் காப்பகங்களின் உள்வட்டப் பகுதிகளும் யானை வழித்தடங்களும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அதே வேளையில், ஏற்கெனவே மக்கள் நடக்கும் பாதையைப் பேணாமல் விடுவது காட்டுக்குச் செய்யும் நன்மை ஆகாது. பேணப்படாத பாதை பலவாகக் கிளைக்கிறது; நன்கு பேணப்படும் ஒரே பாதை மனிதக் காலடியை ஒரு கோட்டுக்குள் அடக்கிவைக்கிறது.

இரண்டாவது, உழைப்புக்கான ஊதியம். தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பாதை செப்பனிடுவது, வேட்டைத் தடுப்புக் காவல் ஆகிய வேலைகளில் பழங்குடியினரும் காட்டோரக் கிராமத்தினரும் நெடுங்காலமாகக் குறைந்த கூலிக்கு உழைத்துவருகிறார்கள். நகரத்திலிருந்து வரும் தன்னார்வலர் அதே வேலையை இலவசமாகச் செய்தால், பாதிக்கப்படுவது அவர்களுடைய வயிறு. மாதச் சம்பளக்காரரின் வார இறுதி மனநிறைவுக்காக ஓர் ஏழையின் கூலி நாள் பறிபோவதைத் தொண்டு என்று அழைக்க முடியாது. இந்த நியாயத்தைப் பின்பற்றாத எந்தத் திட்டமும் அறத்துக்குப் புறம்பானது. எனவே, உள்ளூர்த் தொழிலாளருக்கான கூலி வேலை ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்பது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். தன்னார்வலர் அவர்களுக்குக் கீழே, அவர்களிடம் கற்றுக்கொண்டு, கூடுதலான வேலையைச் செய்ய வேண்டும். எந்தச் சரிவில் எந்தக் கல் நிற்கும், எந்த மண் கரையும் என்பது அம்மலையில் பிறந்தவருக்குத் தெரியும். பயிற்சியாளர் என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் அவருக்கே சேர வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பும் பொறுப்பும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தக் கொடுமைக்குப் பிறகே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. அனுமதி இல்லாத வழி, காய்ந்த புல், வெளியேறத் தெரியாத பதற்றம் எனப் பல காரணங்கள் அன்று ஒன்றுசேர்ந்தன. இப்படிப்பட்ட பின்னணியில், தன்னார்வலருக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்று மாவட்ட வன அலுவலர் தயங்குவது இயல்பு. விதி தெளிவாக இல்லாதபோது, 'வேண்டாம்' என்று சொல்வதே எந்த அதிகாரிக்கும் பாதுகாப்பான முடிவு. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது அறிவுரை அன்று. தெளிவான ஒப்பந்தமும் காப்பீடும்தான்.

செய்யத்தக்கவை

பெரிய அறிவிப்புகள் எதுவும் இதற்குத் தேவையில்லை. மலையேற்றத் திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் வனத் துறையும், காப்பகங்களுக்கு வெளியே உள்ள நான்கைந்து எளிய பாதைகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகளுக்குச் சோதனை முயற்சியாக நடத்திப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பாதைக்கும் முத்தரப்பு உடன்பாடு ஒன்று வேண்டும். வனத் துறை ஒரு தரப்பு. கிராம சபை அல்லது கிராம வனக் குழு இரண்டாவது தரப்பு. பதிவுபெற்ற தன்னார்வக் குழு மூன்றாவது தரப்பு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தம் சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைகளுக்கு உரிமை வழங்கியிருக்கிறது. அந்த உரிமையை மதித்து, எந்தப் பாதையில் எப்போது வேலை நடக்கலாம் என்பதில் கிராம சபையின் சொல்லுக்கு இடம் தர வேண்டும். குடிமராமத்தை வீழ்த்திய பிழையை மீண்டும் செய்யாதிருக்க இதுவே வழி.

நடப்பவர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு, அவர் நடந்த அதே பாதையின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும். உள்ளூர்த் தொழிலாளரின் கூலி, பயிற்சியாளரின் ஊதியம், கருவிகள், தன்னார்வலருக்கான விபத்துக் காப்பீடு ஆகியவை அதிலிருந்தே வழங்கப்படலாம். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பது மலையடிவாரத்திலுள்ள அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

வேலைக்கான காலம் இயற்கையின் நாள்காட்டியைப் பின்பற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால்களைத் திறந்துவிடுவது, மழை ஓய்ந்ததும் அரிப்பைச் சீர்செய்வது என ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள் போதும். காட்டுத் தீ அபாயம் மிகுந்த கோடையில் நடைக்கு மட்டுமல்லாமல் வேலைக்கும் தடை இருக்க வேண்டும். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வழிகாட்டி ஒருவரும் வனப் பணியாளர் ஒருவரும் உடன் இருக்க வேண்டும். சிமெண்டு வேண்டாம், அம்மலையின் கல்லும் மண்ணும் போதும். யார், எந்த நாள், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் உழைத்தார் என்ற பதிவேடு ஒவ்வொரு பாதைக்கும் வேண்டும். ஒருநாள் வந்து போவோரைவிட, மூன்று ஆண்டுகளுக்கு ஒரே பாதையைப் பொறுப்பேற்றுக்கொள்ளும் சிறு குழுக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

காடு என்று மட்டும் எண்ண வேண்டியதும் இல்லை. ஏரிக்கரை நடைவழிகள், ஊரை ஒட்டிய குன்றுகள், திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதை போன்றவற்றில் யானை இல்லை, புலி இல்லை, வன விதிகளின் கடுமையும் குறைவு. ஊராட்சிகளும் நகராட்சிகளும் பள்ளி, கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு அங்கிருந்து தொடங்கலாம். கைப்பழக்கம் வந்த பிறகு மலை ஏறலாம்.

ஒரு பாதையைப் பேணியவர் அதன்மேல் குப்பை போடமாட்டார். பிறர் போட்டாலும் பொறுத்துக்கொள்ளமாட்டார். குறுக்கே இறங்கிப் புதுத் தடம் போடும் இளைஞரை, தானே பதித்த கல்லைக் காட்டித் தடுப்பார். வன அலுவலரின் சிரமம் அவருக்குப் புரியும். பழங்குடி முதியவரின் அறிவு அவருக்குத் தெரியவரும். காட்டைக் காணும் பொருளாக மட்டும் நுகரும் தலைமுறை, அதற்குக் கடன்பட்ட தலைமுறையாக மாறுவது இப்படித்தான். கட்டணம் செலுத்தியவர் வாடிக்கையாளர் ஆகிறார்; கல் சுமந்தவர் உரிமையாளர் ஆகிறார். 40 பாதைகளைத் திறந்துவைத்த அரசு, அந்த உரிமையை மக்களோடு பகிர்ந்துகொள்ளவும் முன்வர வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரேயொரு பாதையிலாவது அது தொடங்கட்டும்.